மண்ணை நிரப்பினோம், மழை கொண்டுபோனது: ஒரு நடைபாதைப் படிக்கட்டின் சீரமைப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

வயல்வெளியை ஒட்டிச் செல்லும் கீழ்ப்பாதையையும் மேட்டு நிலத்துச் சாலையையும் இணைக்கும் ஓர் ஒற்றையடிப் பாதையில், தேய்ந்து நிலைகுலைந்திருந்த 34 மரப்படிகளைத் தன்னார்வலர்கள் இரண்டு முறை சீரமைத்தார்கள். முதல் முறை செய்த வேலை ஒரே மழைக்காலத்தில் அழிந்தது. இரண்டாம் முறை செய்த வேலை இரண்டு மழைக்காலங்களைத் தாண்டி நிற்கிறது. இரண்டிலும் ஏறக்குறைய அதே ஆட்கள்தான். மண்வெட்டியும் கடப்பாரையும் திமிசுக் கட்டையும் அவையேதான். உழைப்பில் குறை சொல்ல எதுவுமில்லை. படிகள் ஏன் கெட்டன என்று நாங்கள் வைத்திருந்த கணிப்பு ஒன்றுதான் மாறியது. இரண்டு முறையும் அளவெடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்ததால், முதல் கணிப்பின் பிழையில் எனக்கும் பங்கு உண்டு. இதே வேலையை வேறோர் இடத்தில் தொடங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் அந்தப் பிழையையும் விரிவாகவே எழுதுகிறேன்.

படிகள் இருந்த நிலை

சரிவின் அடியிலிருந்து உச்சி வரை உயரம் 6.12 மீட்டர், கிடைமட்டமாக அளந்தால் நீளம் 13 மீட்டர். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலை, அதாவது இரு முனையிலும் நீர்மட்டம் ஒன்றாக நிற்கும், உள்ளிருக்கும் நீர் வெளியே தெரியும் நீண்ட பிளாஸ்டிக் குழாயை, கட்டங்கட்டமாக மேலே நகர்த்தி இந்த அளவை எடுத்தோம். ஒவ்வொரு படியும் முகப்பில் ஒரு பலகை, அதைத் தாங்க முன்பக்கம் இரண்டு முளைக்கட்டைகள், பலகைக்குப் பின்னால் கெட்டித்த மண் என்ற எளிய அமைப்பைக் கொண்டது. கட்டிய காலத்தில் நன்றாகவே இருந்திருக்க வேண்டும்.

நாங்கள் பார்த்தபோது பலகைகள் நின்றன, பின்னாலிருந்த மண் இல்லை. காலை வைக்க வேண்டிய இடம் தொட்டி போலக் குழிந்து, பலகை மட்டும் தடுப்பு போல நிமிர்ந்திருந்தது. ஏறுபவர் பலகையைத் தாண்டிக் குழிக்குள் காலை இறக்கி, மறுபடி அடுத்த பலகையைத் தாண்ட வேண்டும். இதனால் படிகளின் உண்மையான உயரம் சில இடங்களில் 12 சென்டிமீட்டர், சில இடங்களில் 31 சென்டிமீட்டர் என்று தாறுமாறாகிவிட்டது. இப்படி இருந்தால் யாரும் படியில் நடக்கமாட்டார்கள். படிக்கட்டின் இடப்பக்கத்துப் புல்வெளியிலேயே எல்லோரும் ஏறி இறங்கியதால் புல் அழிந்து, மண் இறுகி, இரண்டு இடங்களில் முழங்கால் ஆழத்துக்கு ஓடை விழுந்திருந்தது.

நாங்கள் அளந்துகொண்டிருந்த நேரத்தில் வயதான ஓர் அம்மா மேலிருந்து இறங்கி வந்தார். அவர் நேராக இறங்கவில்லை. உடலைப் பக்கவாட்டில் திருப்பி, மேல் பலகையின் விளிம்பை ஒரு கையால் பற்றி, கீழ்க்காலைக் குழிக்குள் வைத்து, அது நிலைத்த பிறகே மறுகாலை எடுத்தார். ஒவ்வொரு படிக்கும் இரண்டு அடி, ஒரு கைப்பிடி. 34 படிகளையும் அவர் இப்படித்தான் கடந்தார். "நேரா இறங்கி ரொம்ப நாளாச்சு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். படிகளில் விழுபவர்களில் பெரும்பாலானோர் இறங்கும்போதே விழுகிறார்கள் என்பதை ஏற்கெனவே படித்திருந்தேன். அது என்ன என்பதை அவருடைய கை அந்தப் பலகையை இறுகப் பற்றியிருந்ததைப் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன்.

முதல் சீரமைப்பும் அதன் தோல்வியும்

கால் மிதித்து மிதித்து மண் தேய்ந்துவிட்டது என்று நாங்கள் நம்பினோம். தேய்ந்த மண்ணுக்கு மண்ணை நிரப்பினால் சரியாகிவிடும் என்பது அந்த நம்பிக்கையின் நேரடி முடிவு. இரண்டு நாட்களில், அருகிலிருந்த மேட்டிலிருந்து மண்ணைக் கூடையில் சுமந்து, ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலும் கொட்டி, திமிசு போட்டு மட்டப்படுத்தினோம். உளுத்திருந்த ஏழு பலகைகளை மாற்றினோம். வேலை முடிந்த மாலையில் படிக்கட்டு புதிதாகக் கட்டியது போல இருந்தது.

மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தபோது நிரப்பிய மண்ணில் பெரும்பகுதி படிக்கட்டின் அடியில் விசிறி போலப் பரவிக் கிடந்தது. அதோடு நிற்கவில்லை. நாங்கள் மாற்றிய பலகைகளில் இரண்டு, அடிமண் அரிக்கப்பட்டு முன்னோக்கிச் சாய்ந்திருந்தன. மழைக்காலத்தில் அந்தப் பாதையில் நடப்பவர்கள் மிகக் குறைவு. ஆகவே மண்ணை எடுத்தது கால் இல்லை என்பது அங்கேயே தெளிவாயிற்று. ஆனாலும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதை நாங்கள் யாரும் பார்த்திருக்கவில்லை. வெயில் நாளில் வேலை செய்துவிட்டு, மழை நாளில் வீட்டிலிருந்துவிட்டோம்.

மழையில் நின்று பார்த்தது

அடுத்த கனமழையின்போது மூன்று பேர் குடையோடு போய் நின்றோம். இந்த ஆய்வின் மிகப் பயனுள்ள ஒரு மணி நேரம் அதுதான் என்பது என் துணிபு. படிக்கட்டின் மேல் விழுந்த மழை ஒரு பொருட்டாகவே இல்லை. உச்சிப்படிக்கு மேலே பாதை ஏறக்குறைய 40 மீட்டர் தொலைவுக்கு நேராக, இரு பக்கமும் சற்று உயர்ந்து, நடுவில் குழிந்து கிடந்தது. நடந்து நடந்து பாதையே வாய்க்காலாகியிருந்தது. அந்த 40 மீட்டரிலும் விழுந்த நீர் முழுவதும் பக்கவாட்டில் வழிய இடமின்றி, நேராக வந்து தலைப்படியில் கொட்டியது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் அளவு விளங்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். 40 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள பாதையின் பரப்பு 48 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டர் மழை பெய்தால் பாதையின் மேல் மட்டும் 1,440 லிட்டர் நீர் விழுகிறது. காலடியில் இறுகிய மண் அதில் மிகச் சிறிதளவையே உறிஞ்சும். இரு பக்கத்து நிலத்திலிருந்து பாதைக்குள் இறங்கும் நீர் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அந்த நீர் படிகளில் இறங்கும் விதம் இன்னும் கொடியது. பலகையின் விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் கீழே விழும் நீர், தரையைத் தொடும்போது வினாடிக்கு 2.4 மீட்டர் வேகத்தை எட்டிவிடுகிறது. ஓடும் நீரின் வேகம் இரட்டித்தால் அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகிறது என்பது நீரியலில் நெடுங்காலமாக அறியப்பட்ட உறவு. ஒவ்வொரு பலகையின் அடியிலும் நீர் விழுந்து குத்தி, குழி பறித்து, பறித்த மண்ணை அடுத்த படிக்குத் தள்ளிக்கொண்டிருந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். குழி ஆழமாக ஆழமாக வீழ்ச்சியின் உயரம் கூடுகிறது; உயரம் கூடக் கூட நீர் இன்னும் வலுவாகக் குத்துகிறது. கால்களுக்கும் இதில் பங்கு உண்டு. அவை மண்ணின் மேற்பரப்பைக் கிளறிவிடுகின்றன, பாதையைக் குழியச் செய்கின்றன. ஆனால் மண்ணை அள்ளிச் செல்வது நீர். எனவே படிக்கட்டைச் சீரமைக்கும் வேலை, படிக்கட்டுக்கு 40 மீட்டர் மேலே தொடங்க வேண்டியிருந்தது.

நீரை வெளியேற்றியது

இரண்டாம் சீரமைப்பின் முதல் மூன்று நாட்களில் நாங்கள் ஒரு படியைக்கூடத் தொடவில்லை. புதிதாகச் சேர்ந்த சிலருக்கு இது சலிப்பாக இருந்தது; படி கட்ட வந்தவர்களை மேலே வாய்க்கால் வெட்டச் சொன்னால் அப்படித்தான் இருக்கும். மழையில் எடுத்த கைபேசிக் காணொளியை அவர்களுக்குக் காட்டிய பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை.

பாதையின் குறுக்கே மூன்று இடங்களில் கல் தடுப்புகளை அமைத்தோம். தடுப்பு பாதைக்குச் செங்குத்தாக இருக்கக்கூடாது. அப்படி இருந்தால் நீர் அதில் மோதி நின்று, கொண்டுவந்த வண்டலை அங்கேயே இறக்கிவிட்டு, தடுப்பு தூர்ந்ததும் அதன் மேலேயே ஏறி ஓடும். பாதையின் குறுக்குக்கோட்டிலிருந்து 30 முதல் 45 பாகை வரை சாய்வாக, பள்ளமான பக்கத்தை நோக்கி அமைத்தால், நீர் வேகம் குறையாமல் பக்கவாட்டில் திரும்பி, வண்டலையும் தானே கழுவிக்கொண்டு வெளியேறும். கற்களை நிறுத்தி வைத்து, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் புதைத்து, வெளியே தெரியும் பகுதியை ஒரு கையகல உயரத்துக்கு மட்டும் விட்டோம். தடுப்பின் மேற்பக்கம் ஆழமற்ற ஓர் ஓடை வெட்டி அதைப் பாதையின் விளிம்பைத் தாண்டி ஒரு மீட்டர் நீட்டினோம். பாதையின் விளிம்போடு நிறுத்திய ஓடையிலிருந்து நீர் சற்றுக் கீழே மறுபடி பாதைக்குள்ளேயே திரும்பிவிடும்.

இங்கே நாங்கள் ஒரு தவறு செய்தோம். நடுத் தடுப்பின் வெளிவாயிலிருந்து போன நீர், கீழே இருந்த ஒரு நிலத்தின் வரப்பை நோக்கிச் சென்றது. முதல் மழையிலேயே வரப்பின் ஒரு முனை கரைந்தது. நிலத்துக்காரர் வந்து அதைக் காட்டினார். கோபப்பட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தும் அவர் கோபப்படவில்லை; எங்களோடு மேலே ஏறி வந்து, எந்தப் பக்கம் திருப்பினால் நீர் புதருக்குள் பரவி மண்ணில் இறங்கும் என்று அவரே இடம் காட்டினார். தடுப்பை ஆறு மீட்டர் மேலே மாற்றி, வெளிவாயில் சிறு கற்களைப் பரப்பி நீரின் வேகத்தை உடைத்தோம். பாதை செல்லும் நிலத்தின் உரிமையாளரிடம் முன்னரே எழுத்தில் அனுமதி வாங்கியிருந்த நாங்கள், நீர் போய்ச் சேரும் நிலத்தின் உரிமையாளரிடம் பேச மறந்திருந்தோம். ஓரிடத்திலிருந்து திருப்பிய நீர் இன்னோரிடத்துக்குப் போயே தீரும். வடிகால் வரையும் முன் அந்த இடத்தின் உரிமையாளரையும் அழைத்து நடந்துபார்ப்பது இப்போது எங்கள் நடைமுறை.

படியின் அளவைத் தீர்மானித்தது

நீரைத் திருப்பிய பிறகு, பழைய 34 படிகளையும் அப்படியே திரும்பக் கட்டுவதா என்ற கேள்வி எழுந்தது. 6.12 மீட்டரை 34 ஆல் வகுத்தால் சராசரி உயரம் 18 சென்டிமீட்டர். 13 மீட்டரை வகுத்தால் மிதியின், அதாவது கால் வைக்கும் பரப்பின், அகலம் ஏறக்குறைய 38 சென்டிமீட்டர். இரண்டையும் தனித்தனியே பார்த்தால் குறை தெரியாது. ஆனால் படியின் உயரமும் மிதியின் அகலமும் மனித நடையால் ஒன்றோடொன்று கட்டுண்டவை. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா பிளோந்தெல் 17ஆம் நூற்றாண்டில் வகுத்த விதி இன்றும் வழக்கில் உள்ளது: படி உயரத்தின் இரு மடங்கையும் மிதி அகலத்தையும் கூட்டினால் ஓர் இயல்பான எட்டின் நீளம் வர வேண்டும். இன்றைய அளவில் அது 60 முதல் 65 சென்டிமீட்டர். பழைய படிகளில் அந்தக் கூட்டுத்தொகை 74. ஒவ்வோர் அடியிலும் காலைச் சற்று எட்டி வைக்க வேண்டும். சுமையோடு வருபவரும் சிறுவர்களும் முதியவர்களும் அதைத் தவிர்க்கவே பார்ப்பார்கள். மண் அரிப்பதற்கு முன்பே மக்கள் படியை விட்டுப் புல்வெளிக்கு இறங்கத் தொடங்கியிருக்கலாம் என்று இப்போது எண்ணுகிறேன்.

புதிய கணக்கில் 38 படிகள் வைத்தோம். உயரம் 16 சென்டிமீட்டரை ஒட்டியும் மிதி 31 சென்டிமீட்டராகவும் வந்ததால் கூட்டுத்தொகை 63. மிதிகள் குறுகியதால் மீந்த நீளத்தை, 13 படிகளுக்கு ஒன்று வீதம், ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான இரண்டு இளைப்பாறும் தளங்களாக ஆக்கினோம். எதிரே வருபவருக்கு வழிவிட நிற்கவும் அவை உதவுகின்றன.

கல்லும் மரமும்

சிமென்ட் போட்டுவிடலாம் என்ற யோசனை பலமுறை வந்தது. உறுதியான அடித்தளத்தின் மீது உரிய கனத்தில் போடும் கான்கிரீட்டை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அசையும் மண்ணின் மேல் மெல்லிய பூச்சாகப் போட்டால், அடிமண் இறங்கியதும் பூச்சு பாலம் போல அந்தரத்தில் நின்று, ஒருநாள் ஒருவர் காலடியில் உடையும். அடியில் நடக்கும் அரிப்பை அது கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கவும் செய்யும். கலவையையும் நீரையும் அந்தச் சரிவில் சுமப்பது வேறு.

படிக்கட்டின் அடியில் சரிந்து கிடந்த ஒரு பழைய எல்லைச் சுவரின் கற்களை அதன் உரிமையாளர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். சரிவிலேயே பதிந்து கிடந்த கற்களையோ ஓடையின் கற்களையோ நாங்கள் தொடவில்லை. அவற்றைப் பெயர்த்தால் அங்கே புதிய அரிப்பு தொடங்கும். சுவர்க் கற்களில் படிக்கு ஏற்றவையாகத் தேறியவை கீழ் இரு பகுதிகளின் 26 படிகளுக்கே போதுமானவையாக இருந்தன. மேல் 12 படிகளை மரத்தில் அமைத்தோம்.

பழைய பலகைகளைப் பிடுங்கியபோது கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஒரு பலகையை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். மேல் விளிம்பில் நகம்கூட இறங்கவில்லை. மண்ணுக்கு அடியில் ஆழமாக இருந்த முளைக்கட்டையின் நுனியும் ஓரளவு கெட்டியாகவே இருந்தது. மண்மட்டத்தை ஒட்டிய நான்கு விரற்கடை மட்டும் நனைந்த ரொட்டியைப் போல விரலிடுக்கில் பிசைந்து உதிர்ந்தது. மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் ஒருசேர வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது, காற்றே புகாத ஆழத்திலும் வளராது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் மண்மட்டம்தான். ஆகவே புதிய பலகைகளுக்கு மரத்தின் வெளிப்புற மென்பகுதியான வெள்ளைக்கட்டையை முற்றிலும் விலக்கி, வைரம் பாய்ந்த உள்மரத்தையே பயன்படுத்தினோம். பின்னால் நிரப்பும் பொருளும் நீரைத் தேக்காமல் வடியவிடுவதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

கட்டியது

படிகளைக் கீழிருந்து மேலே கட்ட வேண்டும். மேற்கல்லின் முன்பகுதி கீழ்க்கல்லின் பின்பகுதி மீது குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஏறி உட்கார வேண்டும் என்பதால் இதற்கு வேறு வழியில்லை. மேற்கல்லின் எடையே கீழ்க்கல்லைப் பிடித்துக்கொள்கிறது. அடிப்படிக் கல் மற்றவற்றை எல்லாம் தாங்குவதால், அதற்கு மட்டும் இருப்பதிலேயே கனமான கல்லைத் தேர்ந்து, பாதி உயரத்துக்கு மேல் மண்ணுக்குள் புதைத்தோம். 90 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் ஆழமும் 16 சென்டிமீட்டர் கனமும் உள்ள கல் ஏறக்குறைய 150 கிலோ இருக்கும். அதைத் தூக்க முயலக்கூடாது. கடப்பாரையால் நெம்பி, உருளைக் கட்டைகள் மீது நகர்த்த வேண்டும். கனம் குறைந்த கல்லுக்கு அடியில் சில்லுக்கற்களை இறுக்கி உயர்த்தினோம். கனம் கூடிய கல்லுக்குப் படுகையை ஆழமாக வெட்டினோம். ஒரே கல் கிடைக்காத படிகளில் இரண்டைச் சேர்த்தபோது, அவற்றின் இணைப்பு அடுத்த படியின் இணைப்புக்கு நேராக விழாதபடி பார்த்துக்கொண்டோம்.

ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு சோதனைகள். நான்கு மூலையிலும் ஏறி நின்று உடலை ஆட்ட வேண்டும். சிறிதளவு ஆடினாலும் கல்லைக் கிளப்பி மறுபடி அமர்த்த வேண்டும். அடுத்து, ஒரு செம்பு நீரைக் கல்லின் நடுவில் ஊற்ற வேண்டும். மிதி முன்னோக்கி நூற்றுக்கு இரண்டு என்ற வாட்டத்தில் இருக்க வேண்டும். 31 சென்டிமீட்டர் மிதிக்கு அது ஆறு மில்லிமீட்டர். ரசமட்டத்தில் இதைப் படிப்பதைவிட, ஊற்றிய நீர் முன்விளிம்பு முழுவதும் ஒரே திரையாக வழிகிறதா என்று பார்ப்பது எளிது. நீர் பின்னால் ஓடினால் அது கல்லின் அடிக்குப் போகும். நடுவில் தேங்கினால் பாசி பிடிக்கும்.

ஒன்பதாம் படியில் நூலைத் தவறாகப் பிடித்ததால் உயரம் 19 சென்டிமீட்டர் வந்துவிட்டது. மூன்று சென்டிமீட்டர்தானே, விட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அந்தக் கல்லை அமர்த்த அரை நாள் ஆகியிருந்ததால் அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் படியேறுபவரின் கால், முதல் இரண்டு மூன்று படிகளில் உயரத்தைப் பழகிக்கொண்டு அதன் பிறகு பாராமலே எழுகிறது. இடையில் ஒரு படி மாறினால் அங்கேதான் தடுக்கும். அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிகள் ஒரே வரிசைப் படிகளின் உயரங்களுக்கு இடையே எட்டில் மூன்று அங்குலத்துக்கு மேல், அதாவது 9.5 மில்லிமீட்டருக்கு மேல், வேறுபாடு இருக்கக்கூடாது என்கின்றன. சுவர்க் கல்லில் அந்தத் துல்லியம் எங்களுக்கு எல்லாப் படிகளிலும் கைகூடவில்லை; இருந்தாலும் மூன்று சென்டிமீட்டரை விட மனம் வரவில்லை. கல்லைக் கிளப்பி மறுபடி அமர்த்தினோம்.

அதே நாளில்தான் விபத்து நேரவிருந்தது. கடப்பாரையில் நின்றிருந்த கல் ஈரமண்ணில் வழுக்கி அரை மீட்டர் கீழே போனது. கீழே நூலைச் சரிசெய்துகொண்டிருந்த தம்பி காலை இழுத்துக்கொண்டார். காலணியின் விளிம்பு மட்டும் நசுங்கியது. ஒரு மணி நேரம் வேலையை நிறுத்தினோம். கல் அசையும்போது அதற்குக் கீழ்ச்சரிவில் ஒருவரும் நிற்கக்கூடாது, நூல் பிடிப்பவர் உட்பட, என்ற விதியை முதல் நாளே சொல்லியிருந்தோம். சொன்னது போதவில்லை. அதன் பிறகு, கல்லை நகர்த்தும்முன் ஒருவர் சத்தமாகக் குரல் கொடுப்பதும், கீழே ஆளில்லை என்று இன்னொருவர் பதில் சொல்வதும் கட்டாயமாயின. பதில் வராமல் கடப்பாரையை அழுத்தக்கூடாது.

மரப்படிகள் விரைவாக முடிந்தன. 20 சென்டிமீட்டர் உயரப் பலகையில் நான்கு சென்டிமீட்டரைக் கீழ்ப்படியின் மட்டத்துக்கு அடியில் புதைத்தோம். இல்லாவிட்டால் நிரப்பியது அடிவழியாகக் கசிந்து வெளியேறும். 60 சென்டிமீட்டர் முளைக்கட்டைகளை முன்பக்கம் அடித்து, அவற்றின் தலையைப் பலகையின் விளிம்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே சாய்வாக அறுத்தோம். உள்ளே மண்ணுக்குப் பதில், பெரியதும் சிறியதும் தூளும் கலந்த உடைகல் சரளையைப் பத்து சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு, லேசாக நனைத்துத் திமிசு போட்டோம். ஆற்றுக் கூழாங்கல் பார்க்க அழகாக இருந்தாலும், உருண்டை என்பதால் ஒன்றையொன்று கவ்வாது, காலடியில் உருளும்.

பக்கத்துத் தடம் கடைசி வேலை. வேலி போட வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினார்கள். வசதியான படி அருகில் இருந்தால் ஓடையில் இறங்கி நடக்க யாரும் விரும்பமாட்டார்கள் என்பது என் வாதமாக இருந்தது. இறுகிய மண்ணைக் கொத்திவிட்டு, ஓடையின் குறுக்கே இடையிடையே கற்களை வைத்து, மேல் வாயிலிலும் கீழ் வாயிலிலும் கரடுமுரடான பாறைத் துண்டுகளையும் முள்கிளைகளையும் போட்டோம். முதல் சில வாரங்களில் பழக்கத்தால் சிலர் அவ்வழியே போனார்கள். இப்போது அங்கே புல் வந்துவிட்டது.

அதன் பிறகு

இரண்டு மழைக்காலங்களுக்குப் பிந்தைய கணக்கு இது. கல்படிகள் 26இல் ஒன்று ஆடுகிறது. மரப்படிகளில் இரண்டின் நிரப்பு இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு அமர்ந்ததால் மேலே சரளை சேர்த்தோம். மிதிகளிலிருந்து பொருள் அடித்துச் செல்லப்படவில்லை. மேல் தடுப்பின் வெளிவாய் மட்டும் மூன்று முறை இலையாலும் வண்டலாலும் அடைபட்டது. அதில் ஒருமுறை நாங்கள் போகத் தாமதித்தோம். நீர் தடுப்பைத் தாண்டிப் பழைய வழியில் பாயத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு மழை போயிருந்தால் தலைப்படியின் சரளை கிளம்பியிருக்கும்.

பாதை பேணலில் அனுபவம் மிக்கவர்கள் இதைத்தான் முதன்மை வேலையாக வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பாதைகளில் 'ஃபிக்ஸ் த ஃபெல்ஸ்' திட்டத்தின் தன்னார்வலர்கள் ஆண்டு முழுவதும் பாதைகளில் நடந்து வடிகால்களைச் சுத்தம் செய்கிறார்கள். கல் பதிக்கும் கடினமான வேலையில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் முன்னிற்கிறார்கள். அமெரிக்காவில் 1937இல் முழுமை பெற்ற அப்பலாச்சியன் நெடும்பாதையின் 3,500 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தைத் தன்னார்வ மன்றங்கள் தமக்குள் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு பேணுகின்றன. ஒரு குறிப்பிட்ட நீளம் ஒரு குறிப்பிட்ட குழுவின் பொறுப்பு என்ற அந்த ஏற்பாட்டை நாங்களும் சிறிய அளவில் பின்பற்றுகிறோம்: கனமழை பெய்த மறுநாள் முறைவைத்து இருவர், ஒரு மண்வெட்டியோடு, மேல் தடுப்பிலிருந்து அடிப்படி வரை நடக்கிறார்கள். அரை மணி நேர வேலை. படி கட்டிய ஒன்பது நாட்களுக்கு ஆள் சேர்ப்பதைவிட இந்த அரை மணி நேரத்துக்கு ஆள் சேர்ப்பது கடினமாக இருக்கிறது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். இதற்கு நாங்கள் இன்னும் நல்ல வழி கண்டுபிடிக்கவில்லை.

கைப்பிடி வைக்காதது எங்கள் வேலையின் குறை. படிகள் சீரானால் அது தேவைப்படாது என்று கருதியிருந்தோம். அந்த அம்மா இப்போது நேராகத்தான் இறங்குகிறார். ஆனால் இரண்டாம் தளத்துக்குக் கீழே, சரிவு ஒரு பக்கம் திறந்திருக்கும் இடத்தில், அவருடைய கை எதையோ தேடுவதைக் கண்டேன். அந்த இடத்தில் நான்கு தூண்களும் ஒரு கைப்பிடியும் வைக்க நில உரிமையாளரிடம் கேட்டிருக்கிறோம். ஆடுகிற கல் ஏழாம் படியில் உள்ளது; இடது முன்மூலையில் ஏறி நின்றால் லேசாகத் தட்டும் ஓசை கேட்கிறது. அடுத்த வேலை நாளில் அதைக் கிளப்பி அமர்த்த, தட்டையான சில்லுக்கற்கள் ஒரு கூடை தேர்ந்தெடுத்து முதல் தளத்தின் ஓரத்தில் வைத்திருக்கிறோம்.